நூலாக வந்த வெந்நீர்

மலையில் பதினோரு நாளாக மழை விடவில்லை. பண்ணைக்காட்டுக்குப் போகிற பாதையில் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் துணி காயவில்லை, விறகு காயவில்லை. அங்கிருந்த எட்டுப் பேரும் ஈரவாடை அடிக்கிற கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதிகம் பேசாமல் நடமாடினார்கள்.

அவர்களில் ஒருவர் தெய்வசிகாமணி. அறுபத்தொரு வயது. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் தோட்டம் வைத்துப் பிழைத்தவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளைகள் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு துணிப்பையோடு மலை ஏறி வந்து, தனக்கு யாரும் இல்லை என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். ஆசிரமத்தின் குரு அருளம்மைக்கு நாற்பத்து நான்கு வயதுதான். மகள் வயதில் இருந்த அவரை சிகாமணி வாய் நிறைய அம்மா என்றே கூப்பிட்டார்.

சிகாமணியிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட இருந்தவர்களுக்கு அதுதான் தொந்தரவு.

ஆசிரமத்துக்குத் தண்ணீர் தருவது மேலே இருக்கும் ஒரு ஊற்று. மாசி, பங்குனியில் அது இளைத்துப் போகும். அதனால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் அதைச் சட்டமாக வைத்திருந்தார்கள், சிகாமணி விரதமாக ஆக்கிக்கொண்டார். அரிசி களைந்த தண்ணீர் அவரைக்காய்க் கொடிக்குப் போகும். அவர் வாய் கொப்பளித்த தண்ணீர்கூடச் செம்பருத்திக்குத்தான் போகும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற இந்தக் கார்த்திகையிலும், பல் துலக்கும்போது யாராவது குழாயை மூடாமல் இருந்தால் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் வேண்டியது ஒன்றே ஒன்று. தீட்சை. காவித் துணியும் புதுப் பெயரும். இரண்டு முறை கேட்டுவிட்டார். இரண்டு முறையும் அருளம்மை, "பார்க்கலாம் ஐயா" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். யாராவது சிகாமணி என்று கூப்பிட்டால் அவருக்கு உள்ளே திடுக்கென்று இருக்கும். ஊரிலிருந்து யாரோ வந்து நிற்பதுபோல இருக்கும். அந்தப் பெயர் தொலைந்தால் போதும், ராத்திரி தூக்கம் வந்துவிடும் என்று அவர் நம்பினார்.

நோயாளி அறையில் அங்குசாமி என்ற பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இடது பக்கம் முழுக்க வாதம். அவரைக் கழுவித் துடைத்துவிடுவது சிகாமணியின் பொறுப்பு. அந்த அறையில் இருந்த வாஷ்பேசின் குழாய் பழசாகி, இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. சிகாமணி அதற்கு அடியில் ஒரு சொம்பை வைத்துப் பார்த்தார். அப்படியும் மனசு கேட்கவில்லை. மதுரையிலிருந்து வந்த பக்தர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு புதுக் குழாய் வாங்கி வந்தார். ஒரே கைப்பிடி. இடது பக்கம் திருப்பினால் வெந்நீர், வலது பக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர்.

சிகாமணி தானே மாட்டுகிறேன் என்றார். தோட்டத்தில் மோட்டாரும் பைப்பும் பார்த்துப் பழகிய கை. பேசினுக்கு அடியில் இருந்த இரண்டு வால்வையும் மூடினார். பழைய குழாய் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு முறை உலுக்கிக் கழற்றினார். பைப்பில் நின்ற கொஞ்சம் தண்ணீரையும் டம்ளரில் பிடித்துத் துளசிக்கு ஊற்றினார். புதுக் குழாயை அதனுடைய இரண்டு ஓஸோடும் மாட்டி முடித்தபோது தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை அங்குசாமியிடம் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் திருப்பினார். நூல்போல ஒரு ஒழுக்கு. அதுவும் பேசினில் விழுந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது.

"குழாய் ரொம்பச் சிக்கனம் போல" என்றார் அங்குசாமி. வாய் கோணிப் போயிருந்தாலும் அவருக்குக் குறும்பு போகவில்லை.

சிகாமணி சிரிக்கவில்லை. அடி வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தார், திறந்திருந்தது. ஓஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், மடங்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறித் தொட்டியைப் பார்த்தார், நிரம்பி வழிந்தது. விறகு பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. அதே பாய்லரிலிருந்து சமையலறைக்குப் போகிற குழாயில் வெந்நீர் கொட்டியது. இந்த ஒரு குழாய்க்கு மட்டும் என்ன கேடு என்று தெரியவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. விடியற்காலையில் சமையலறையிலிருந்து வாளியில் வெந்நீர் சுமந்து வருவார். முற்றத்தைத் தாண்டி வருவதற்குள் குளிரில் பாதிச் சூடு போய்விடும். அந்தத் தண்ணீரில் துண்டை நனைத்துத் துடைக்கும்போது அங்குசாமியின் நல்ல பக்கத்துத் தோள் நடுங்கும். நடுங்குவதை அவர் மறைக்கப் பார்ப்பார். சிகாமணிக்கு அது தாங்கவில்லை. தான் கை வைத்தது எதுவும் உருப்படாது என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அன்றைக்குத் தீட்சை கேட்பதாக இருந்தவருக்கு, கேட்கிற யோக்கியதையே தனக்கு இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் உடனே கேட்டாக வேண்டும் என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் மதியம் அருளம்மையிடம் போனார். புதுக் குழாயில்தான் குற்றம், கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். சொன்ன பிறகும் சிகாமணி போகாமல் நின்றார்.

"இன்னும் ஏதாவதுங்களா ஐயா?"

"எனக்குத் தீட்சை எப்பங்கம்மா? எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லிட்டீங்கன்னா சரி பண்ணிக்குவேன்."

அருளம்மை எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ஸ்பானரை எடுத்தார். "வாங்க, குழாயைப் பார்ப்போம்" என்று முன்னால் நடந்தார்.

அங்குசாமி தூங்கிக்கொண்டிருந்தார். அருளம்மை பேசினுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து வெந்நீர் வால்வை மூடினார்.

"புதுசை மாட்டறதுக்கு முன்னாடி பைப்பைக் கொஞ்ச நேரம் சும்மா திறந்து விட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. தண்ணி வீணாப் போகுமுங்களே."

அருளம்மை வெந்நீர் ஓஸை வால்விலிருந்து கழற்றினார். ஒரு வாளியை இழுத்து வால்வின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திறக்கச் சொன்னார். சிகாமணி திறந்தார்.

முதலில் காற்றுத்தான் வந்தது, இருமுகிற மாதிரி. பிறகு காவி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அதில் துரு சில்லுசில்லாக வந்து வாளியில் விழுந்தது. வெந்நீருக்கு மட்டும் பழைய இரும்பு பைப். எத்தனையோ வருடமாக உள்ளேயே ஒட்டிக்கிடந்த துரு, பழைய குழாயைப் போட்டு உலுக்கியதில் பெயர்ந்துவிட்டிருந்தது. ஒரு சொம்பு அளவு வந்ததும் சிகாமணியின் கை தானாக வால்வை மூடப் போனது. அருளம்மை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வாளி நிறைந்தது. அடுத்த வாளி வைத்தார். அது பாதிக்கு மேல் நிறைந்தபோதுதான் தண்ணீரில் வாளியின் அடி தெரிந்தது.

கழற்றிய ஓஸின் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சல்லடை இருந்தது. அருளம்மை அதைத் தட்டி எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். கண்ணெல்லாம் துருவால் அடைத்துக்கிடந்தது.

"பழைய குழாய்ல இது கிடையாதுங்களே" என்றார் சிகாமணி.

"ஆமா. அது வந்ததையெல்லாம் விட்டுடும்."

சல்லடையைக் கழுவிப் பொருத்தி, ஓஸை முடுக்கி, மேலே குழாயைத் திறந்தார்கள். வெந்நீர் கொட்டியது. கண்ணாடியில் ஆவி படிந்து இரண்டு பேர் முகமும் மறைந்தது. சிகாமணி குழாயை மூடினார்.

அருளம்மை ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த மூன்றாவது வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"யாரும் இல்லேன்னு சொல்லித்தானே ஐயா வந்தீங்க?" என்று கேட்டார்.

சிகாமணி துருத் தண்ணீர் நின்ற வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தம்பி இருந்தான் என்றார். நாச்சிமுத்து.

சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தை மளமளவென்று வந்தது. தோட்டம் பாகம் பிரித்தபோது கிணறு இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. நாச்சிமுத்து முறை தவறுவான், தன் நேரம் முடிந்த பிறகும் மோட்டாரை நிறுத்த மாட்டான், வாய்க்காலை உடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். எத்தனை தரம் பஞ்சாயத்து. எத்தனை தரம் பெரியவர்கள் வைத்துப் பேசியும் கேட்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துப் பேச்சை விட்டாயிற்று. பிறகு அவன் செத்தும் போய்விட்டான். இதில் தன் தப்பு என்ன இருக்கிறது?

"அவ்வளவுதானுங்கம்மா" என்றார்.

அருளம்மை எழுந்திருக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

சிகாமணி கம்பளியை இழுத்துப் போர்த்தினார். மறுபடி பேசியபோது குரல் அடங்கியிருந்தது.

"ஒரு சித்திரையில கிணத்துல தண்ணி கீழ போயிருச்சுங்க. அவன் மொளகா வச்சிருந்தான், காய் புடிக்கிற நேரம். அவன் மொறைன்னிக்கு நான் மோட்டார் ரூமைப் பூட்டிப்போட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் பழனிக்குப் போயிட்டனுங்க. அங்கியே நாலு நாள் இருந்தேன். தெனமும் மலையேறிக் கும்பிட்டனுங்க."

திரும்பி வந்தபோது நாச்சிமுத்துவின் செடி முழுக்கச் சருகாகி நின்றது. தம்பி சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குச் சாயப் பட்டறை வேலைக்குப் போனான். மூன்றாம் வருடம் நெஞ்சில் சீக்கு வந்து படுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் செய்தான். சிகாமணி எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, அது அடித்து ஓயும் வரை கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உடம்பைக் கொண்டாந்து வாசல்ல போட்டாங்க. ஒரே வாசலுங்கம்மா, அவனுக்கும் எனக்கும். நான் கதவைச் சாத்திட்டு டிவியை வச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. சத்தம் கேக்கக் கூடாதுன்னு அதைக் கூட்டி வச்சனுங்க."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் பையை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். இது ஆசிரமத்தில் யாருக்கும் தெரியாது. சாமிக்கு முன்னால் உட்கார்ந்துகூட இதை அவர் நினைத்தது இல்லை, நினைப்பு அந்தப் பக்கம் போனாலே எழுந்துபோய் ஏதாவது ஒரு குழாயை இறுக்கி மூடுவார்.

சொல்லி முடித்துத் தேம்பினார். அறுபத்தொரு வயது மனிதர், சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கம்பளியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கட்டிலில் அங்குசாமி கண்ணை மூடியபடியே கிடந்தார். தூங்குகிற மாதிரித் தெரியவில்லை.

அழுகை நின்றபோது சிகாமணிக்கு லேசாக இருந்தது. அந்த லேசிலேயே அவசரமும் வந்தது. இப்போது சொல்லியாயிற்றே, தீபத்தன்றைக்குத் தீட்சை தருவீர்களா என்று கேட்டார்.

"தம்பி சம்சாரம் இருக்காங்களா?" என்று கேட்டார் அருளம்மை.

"பாவாயி. இருக்குதுங்க. அதே ஊட்டுலதான்."

"இதை என்கிட்ட எதுக்கு ஐயா சொன்னீங்க? என் செடியா காஞ்சுது?"

சிகாமணி அந்த வாசலில் போய் நிற்பதை நினைத்தபோதே சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவாயி அந்த நாலு நாளும் பூட்டிய மோட்டார் ரூம் படியில் வந்து உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் அவர் இத்தனை நாள் யாரிடமும் சொன்னது இல்லை. இப்போது சொன்னார். பிறகு கேட்டார்.

"நான் போய்ச் சொன்னா அந்தப் புள்ள என்னை மன்னிக்குமுங்களாம்மா?"

"மன்னிக்காதுன்னுதான் தோணுது" என்றார் அருளம்மை. "காலைல ஆறேகாலுக்கு பஸ். மூஞ்சி கழுவிட்டுக் கிளம்புங்க, வெந்நீர் நல்லா வருது."