எலி வளை நெல்

பாலாற்றங்கரையில் ஓர் ஊர். பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொரோனா வந்த வருடம், கிருமி நுழைவதற்கு முன்பே அந்த ஊருக்குள் அதிகாரம் நுழைந்துவிட்டது. கண்காணிப்புக் குழு என்று ஒன்று முளைத்தது. வரதராஜுலு அதற்குத் தலைவர். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். விசில் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். ஊர் முகப்பில் சவுக்குக் கம்பு கட்டி மறித்தார். கோயில் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: "வேட்டை உட்பட எல்லாத் தொழில்களும் மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகின்றன. மீறினால் கருவியும் பொருளும் பறிமுதல்." அதே வாரம் அவர் மகளுக்கு வளைகாப்பு. நாற்பது இலை விழுந்தது. அது கூட்டம் இல்லையாம், சுபகாரியமாம்.

ஏரிக்கரைக்குக் கீழே பச்சையம்மாவும் அவள் புருஷன் கொல்லாபுரியும் இருந்தார்கள். இருளர்கள். வயலில் எலி பிடிப்பது அவர்கள் வேலை. ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளையின் வாயில் கவிழ்த்து, ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகையில் எலி மயங்கும். பிறகு வளையை வெட்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். நிலக்காரர் கூப்பிட்டு வெட்டினால் இரண்டும் வெட்டியவருக்கு. கூப்பிடாமல் வெட்டினால் ஒன்றும் கிடையாது. இது அந்தப் பக்கத்து வழக்கம். எந்தத் தாளும் ஒட்டாமல் பல தலைமுறையாக நடந்துவருகிறது.

தொழில் முடங்கியவர்களுக்கு ஆளுக்கு இருபது படி அரிசி என்று குழு அறிவித்தது. முடி வெட்டுபவர் வாங்கினார், தையல்காரர் வாங்கினார், மேளக்காரர் வாங்கினார். பச்சையம்மாவும் வரிசையில் நின்றாள்.

"எங்க தொழிலும் நின்னு போச்சுங்க ஐயா. அடுப்பு எரிஞ்சு ரெண்டு நாளாச்சு."

"எலி பிடிக்கிறதெல்லாம் ஒரு தொழிலா?" வரதராஜுலு சிரித்தார். "அது உங்க ஆளுங்க பழக்கம். பழக்கத்துக்கெல்லாம் அரிசி கொடுத்தா நாளைக்கு வெத்தல போடறவனும் வந்து நிப்பான்."

சுற்றி நின்ற எடுபிடிகளும் சிரித்தார்கள். குழு நோட்டில் அவள் பெயருக்கு நேரே "தொழில் அல்ல, பழக்கம்" என்று எழுதித் தலைவர் கையெழுத்தும் போட்டார்.

பத்து நாள் போயிற்று. நவரைப் பட்டத்து நெல் முற்றியிருந்தது. எலிக்கு ஊரடங்கு கிடையாது. நிலக்காரர் தெய்வசிகாமணியின் இரண்டு ஏக்கரில் புகுந்து கதிர் கதிராக அறுத்துத் தள்ளியது. ஒரு காலையில் அவர் வரப்பில் புகை எழுந்தது. புகையைப் பார்த்து விசில் ஓடிவந்தது. நோய்க்குப் பயந்து குழு வயலில் இறங்காமல் தார்ச்சாலையிலேயே நின்றது.

அந்த வளைக்கு மூன்று வாய். ஒன்றில் பச்சையம்மா பானையை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கொல்லாபுரி கடப்பாரையோடு குனிந்திருந்தான். மூன்றாவது வாயில் சேற்றை அப்பி மிதித்து அடைத்திருந்தது; சேற்றின் மேல் செருப்புத் தடம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து செருப்புப் போட்டவர்கள் இல்லை. இருபதடி தள்ளி, மோட்டார் தொட்டியில் தெய்வசிகாமணி செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குள் வெட்டி எடுத்தது எட்டு எலி, இரண்டு மரக்கால் நெல்.

"முகக்கவசம் எங்கே?" சாலையிலிருந்தே கத்தினார் வரதராஜுலு.

"வாயக் கட்டிக்கினு எப்படிங்க ஊதறது? நீங்க ஊதிக் காட்டுங்க, நானும் கத்துக்கறேன்."

"வாய் வேறயா உனக்கு? யாரும்மே உன்ன வரச் சொன்னது?"

"அவருதான். விடிஞ்சதும் எங்க வாசல்ல வந்து நின்னாரு."

தெய்வசிகாமணி வானத்தைப் பார்த்தார். "நானா? ஊரடங்குல நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? இதுங்களா வந்து திருட்டுத்தனமா வெட்டுதுங்க. என் நெலம், என் நெல்லு. கொட்டிட்டுப் போவச் சொல்லுங்க."

"உனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல," என்றார் வரதராஜுலு. "தடையை மீறின வேட்டைத் தொழில். பானை, கடப்பாரை, நெல்லு எல்லாம் பறிமுதல்."

பச்சையம்மா நெல் கட்டிய துணியை மடியோடு இறுக்கிக்கொண்டாள். "வள நெல்லு வெட்டனவங்களுக்கு. இத்த வச்சுத்தான் இன்னிக்குக் கஞ்சி."

நியாயம் சொல்ல அங்கே ஆள் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய தாள், நோட்டில் போட்ட கையெழுத்து, சேற்றில் பதிந்த செருப்பு, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நெல் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பச்சையம்மாவுக்கு. சாலையை விட்டு இறங்காத குழுவும் செருப்பே போடாத இருவரும் மூன்றாவது வாயை மிதித்திருக்க முடியாது. மிதித்தவர் தெய்வசிகாமணி. வளையை அடைத்துக் கொடுத்தவர், வெட்டியவர்களைத் திருடர் என்று சொல்ல முடியாது. அவர் கூப்பிட்டுத்தான் வந்தார்கள். ஆகவே வழக்கப்படி அவருக்கு நெல் இல்லை. தாள் நிறுத்தியது தொழிலை. எலி பிடிப்பது தொழிலே அல்ல என்று கையெழுத்துப் போட்டவர் வரதராஜுலு. தொழில் என்றால் இருபது படி அரிசி பாக்கி, பழக்கம் என்றால் பறிமுதல் செல்லாது. பட்டினி போடும்போது ஒரு பெயர், பிடுங்கும்போது ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ள மனிதர்கள் என்ன அவர் வீட்டுப் பாத்திரமா?

நியாயம் இது. நடந்தது வேறு. எலியைத் தொட மட்டும் குழுவுக்குத் துணிச்சல் இல்லை. மற்றதையெல்லாம் சாலைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பிடுங்கி, சாட்சிப் பொருள் என்று குழு நோட்டோடு சேர்த்து ஊர் நூலகக் கட்டடத்தில் போட்டுப் பூட்டினார்கள். பத்தாம் நாள் திறந்தால் உமிதான் கிடந்தது. நோட்டில் பாதியையும் எலி தின்றிருந்தது. அலறியடித்துக்கொண்டு பச்சையம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார் தலைவர்.

அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"எங்களுக்கு அது தொழில் இல்லியேப்பா, பழக்கம்தான? உங்க ஊரடங்குல பழக்கம் விட்டுப்போச்சுன்னு போய்ச் சொல்லு."