அழிக்க அழிக்க வந்த குரல்

வடிவு டீச்சரிடம் சந்தியாகு சீடராகச் சேர்ந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. டீச்சர் முப்பதைத்தான் தொட்டிருந்தார். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துச் சின்னக் கணினிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். யாருக்கு யார் மரியாதை தருவது என்பதில் இருவருக்கும் குழப்பமில்லை. ஊருக்குத்தான் குழப்பம்.

அன்று மதியம் சந்தியாகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் பலகை. அதன் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

அந்தப் பலகை அவர் ஊர் மீன் ஏலக்கூடத்தில் இருக்க வேண்டியது. கடல் ஏறினால் ஒலிபெருக்கியில் கத்தி ஊரை எழுப்பும். செய்து வைத்தவன் அவர் தம்பி மிக்கேல். கத்துகிற குரலும் அவனுடையதே. போன மழைக்காலத்தில் கடலுக்குப் போனவன் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

போன வாரம் கடல் ஏறியது. பெட்டி கத்தியது. ஊர் மேட்டுக்கு ஓடியபோது மிக்கேலின் நாலு வயது மகள் ரீத்தா மட்டும், அப்பா வந்துட்டாவ என்று கடலைப் பார்த்து ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் பிடித்துத் தூக்கினார்கள். அவள் அம்மா பிலோமி அழவில்லை. அந்தக் குரலை எடுத்துருங்க என்று மட்டும் சொன்னாள்.

"நாளன்னைக்குப் பேரலை வரும்னு அறிவிப்பு வந்துட்டு டீச்சர். இவன் போக மாட்டேங்கான்."

"யாரு?"

"மிக்கேலு."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல இருந்து சொல்லுங்க."

"அவன் குரலை அழிச்சேன். பிலோமியப் பேச வச்சு அந்தக் குரலைப் போட்டேன். ஓட விட்டுக் காதால கேட்டேன், பிலோமிதான். அப்புறம் கரண்ட் போயி வந்துச்சு. திரும்பவும் மிக்கேலு."

"திரையில என்ன சொல்லுது?"

"'கோப்புகளில் பிழை, சரிசெய்யப்பட்டது.' ஒவ்வொரு தடவையும் அதே பிழை, அதே இடம். கரண்ட்தான் கெடுக்குதுன்னு அடாப்டரை மாத்தினேன். உப்புக்காத்துன்னு டப்பாவ மாத்தினேன். கடைசியில கார்டையே முழுசா துடைச்சேன். 'முடிந்தது'ன்னு சொல்லிச்சு. திரும்பச் சொருகினா..."

டப்பாவை மேசையில் வைத்தார்.

"எழும்பும்போது தேதி என்ன காட்டுது?"

சந்தியாகு குரலைத் தாழ்த்தினார். "அவன் கடலுக்குப் போன சாயங்காலம் டீச்சர். எப்ப எழுப்பினாலும் அதே சாயங்காலம்."

டீச்சர் பலகையைத் திரையோடு இணைத்து மின்கம்பியைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிழை வந்தது, சரிசெய்யப்பட்டது. தேதி வந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினார்.

"ஏ மக்கா, கடல் ஏறுது. மேட்டுக்கு வாங்க மக்கா, வாங்க."

உயிரோடிருக்கிறவன் குரல். பதிவில் அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

அந்தக் குரலை அழித்தார். பிலோமியின் குரலை ஏற்றினார். ஓட விட்டார். பிலோமி பேசினாள். கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

"ஏ மக்கா, கடல் ஏறுது."

"ஒவ்வொரு தடவை அழிக்கையிலயும் என் கையாலயே அவனைத் தண்ணிக்குள்ள தள்ளுத மாதிரி இருக்கு," என்றார் சந்தியாகு. "திரும்ப வந்தா பயமா இருக்கு. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாவும் இருக்கு. இது ஆவி இல்லன்னு சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கிடந்த தகரத்தில் எழுதினார்.

"படிங்க."

"பிலோமி."

"எழுதிட்டேனா?"

"எழுதிட்டீங்க."

"போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் போய்விட்டு வந்தார். தகரம் காய்ந்து கிடந்தது.

"எங்க அண்ணாச்சி?"

சந்தியாகு தகரத்தைத் தடவிப் பார்த்தார். சூடாக இருந்தது.

"கார்டு செத்துப்போச்சு," என்றார் டீச்சர். "பழசைச் சொல்லும். புதுசு எதுவும் ஏறாது. ஆனா ஏறலன்னு சொல்லத் தெரியாது அதுக்கு. அழின்னாலும் ஆச்சுங்கும், எழுதுன்னாலும் ஆச்சுங்கும்."

"பிலோமி குரலைக் கேட்டேனே?"

"நீங்க குடுத்ததைப் பலகை கொஞ்ச நேரம் மனசுல வச்சிருந்து உங்களுக்கே திருப்பித் தந்துச்சு. கார்டுக்குள்ள எதுவும் போகல. சொன்ன உடனே கேட்டா, சொன்னதுதான் வரும். அணைச்சிட்டு, மறுபடி எழுப்பிக் கேக்கணும்."

"அப்ப அந்தத் தேதி?"

"இந்தப் பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கார்டுல கடைசியா எழுதின நேரத்துலதான் கண் முழிக்கும்."

"ஏன் சரியா அந்தச் சாயங்காலத்தோட செத்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

புதிய கார்டு ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் ஏற்றினார். பிலோமி பேசினாள். அணைத்து எழுப்பினார். பிலோமிதான். மறுபடி அணைத்து எழுப்பச் சொன்னார் சந்தியாகு. அப்போதும் பிலோமிதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழைய கார்டு மேசையில் கிடந்தது.

"இது இன்னமும் பேசுமா?"

"போட்டாப் பேசும்."

அதைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாவோடு வாசல்வரை போனார். திரும்பி நின்றார்.

"இனி பயமில்ல டீச்சர். புள்ள கடலுக்கு ஓடாது."

"அப்பா இல்லங்கத அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லாம இருப்போமா? அடக்கம் முடிஞ்சு வந்ததும் மடியில வச்சு நான்தான் சொன்னேன். சரி பெரியப்பான்னு தலையாட்டினா. என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன். 'அப்பா செத்துட்டாவ, இனி வரமாட்டாவ'ன்னு நான் சொன்னது மாதிரியே சொன்னா. கெட்டிக்காரி."

டீச்சர் காய்ந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுநாள் அவ தூங்கி எழுந்ததும் கேட்டீங்களா?"

சந்தியாகு ஜன்னலுக்கு வந்து அந்தத் தகரத்தை மறுபடி தடவிப் பார்த்தார்.