நான்காம் எண் சிவப்பு நாடா

டக்.

மழை விட்டிருந்த இருட்டில் ஜெசிந்தாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. காற்று ஒரு தரம் அடித்தது; மறுபடி டக், டக். யாரோ தகர டப்பாவை விரலால் சுண்டுகிற மாதிரி. வீட்டுக்குப் புறப்பட்டவள் நின்றாள். புறப்படத் தயாராக இருந்த விமானத்தின் இடது இஞ்சினிலிருந்து வந்தது சத்தம். நூற்று அறுபத்திரண்டு பேர் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஏணியும் விலகிவிட்டது.

ஈரத் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தாள். இஞ்சின் மூடியை இறுக்கிப் பிடிக்கும் நாலு கொக்கிகளும் பூட்டாமல் தொங்கின. நின்று பார்த்தால் மூடி சரியாக மூடியிருப்பதாகவே தோன்றும்; படுத்தால்தான் கொக்கி கண்ணில் படும். அப்படியே மேலே போயிருந்தால் மூடி பிய்ந்து இறக்கையில் அடித்திருக்கும். விமானத்தின் மூக்குக்கு எதிரே ஓடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைலட் நிறுத்தினார்.

கொக்கிகள் எப்படித் திறந்து கிடந்தன? கேளுங்கள்.

அன்று மாலை, ஹேங்கருக்கு வெளியே திறந்த வெளியில் நின்ற அந்த விமானத்தில் ஆயில் பார்க்க மூடியைத் திறந்தவளே ஜெசிந்தாதான். அவள் அங்கே டெக்னீஷியன். விமானங்களைப் பழுது பார்க்கும் அந்த ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. வேலைப் புத்தகம் ஏழரை மணிக்கு மாடி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். ஷிப்ட் மேனேஜர் பத்மநாபனின் உத்தரவு அது. ஆகவே எல்லோரும் 'முடிந்தது' என்று முதலில் கையெழுத்துப் போடுவார்கள், வேலையை அப்புறம் முடிப்பார்கள். ஜெசிந்தாவும் போட்டாள். எட்டு மணிக்கு மூடியை இறக்கிக் கொக்கியில் கை வைக்கும்போது பத்மநாபன் வந்து நின்றார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. ஆறாம் நம்பர்ல டயர் மாத்தணும், ஆள் இல்ல."

"நாலு கொக்கிதான் சார். ரெண்டு நிமிஷம்."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கிளம்பு."

பாதியில் போகிறவர்கள் தங்கள் எண் போட்ட சிவப்பு நாடாவை அங்கே கட்டிவிட்டுப் போக வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்கலாம். ஜெசிந்தாவின் எண் நான்கு. தரையைத் தொடும்படி நாடாவைக் கட்டிவிட்டுப் போனாள். எட்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பத்து மணி வரை அவள் ஆறாம் எண் விமானத்தின் சக்கரத்தடியில் இருந்தாள். கூடவே இரண்டு பேர். மீதி வேலையை முடிக்கத் திரும்பி வந்தபோது நாடாவைக் காணோம். சரி, யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நடையைக் கட்டியபோதுதான் அந்த டக்.

இன்ஸ்பெக்டர் தணிகாசலம் தம் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர். புத்தகத்தில் ஒன்பது மணிக்கே போட்டிருந்தார்.

விமானத்தை நிறுத்திய கையோடு ஜெசிந்தா நாடா அலமாரியைத் திறந்தாள். நான்காம் எண் நாடா அதன் தட்டில் நாலாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நூற்று அறுபத்திரண்டு உயிரைக் காத்தவளுக்கு நல்ல வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விமானம் தாமதமானதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வந்தது.

மறுநாள் இரவு பத்மநாபனும் தணிகாசலமும் அவள் வீட்டுக்கே வந்தார்கள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, திரும்பி வர நாலு மாதம் ஆகும். தோளில் பத்து மாதக் குழந்தை. மழைக்கு உப்பிப் போன வாசல் கதவில் தாழ்ப்பாள் விழாமல், நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்குகிறவள். நாற்காலியை நகர்த்திக் கதவைப் பாதி திறந்தாள்.

தணிகாசலம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதை நாலாய் மடித்துப் பையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்; அதுவும் நாலாய் மடித்திருந்தது. 'நாடா கட்ட மறந்துவிட்டேன். கவனக்குறைவு என்னுடையது மட்டுமே' என்று டைப் அடித்திருந்தது.

"காலையில விசாரணை," என்றார் பத்மநாபன். "இதுல கையெழுத்துப் போட்டா ஒரு மாசம் சஸ்பென்ஷன், அதோட முடிஞ்சுது. இல்லேன்னா லைசென்ஸே போயிடும். கைக்குழந்தைக்காரி, யோசிச்சுக்கோ."

"உன் கையெழுத்தை நம்பித்தானேம்மா நானும் போட்டேன்," என்றார் தணிகாசலம்.

"நம்புறதுக்கு எதுக்கு சார் ஒரு இன்ஸ்பெக்டர்? நேத்து மழையில ரொம்ப நனைஞ்சீங்களா?"

அவர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இங்கே இருப்பது ஒரு தவறு. மூன்று பேர் கையும் அதில் பட்டிருக்கிறது, எனக்குத்தான் என்று கேட்க ஒருவரும் இல்லை. முடிக்காத வேலைக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டவள் ஜெசிந்தா. பாதியில் இழுத்துக்கொண்டு போனவர் பத்மநாபன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் தணிகாசலம். சொல்லுங்கள்: நாடாவை அவிழ்த்தது யார்? யாருடைய தவறு பெரிது? அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போடலாமா?

விடை இது. நாடா நனைந்திருந்தது, ஆகவே மழையில் வெளியே தொங்கியிருக்கிறது, அவள் கட்டத்தான் செய்தாள். மழை தொடங்கியதிலிருந்து பத்து மணி வரை அவள் அந்தப் பக்கமே வரவில்லை, கூட இருந்த இரண்டு பேர் சாட்சி. ஆகவே அவிழ்த்தது வேறு கை. எதையும் நாலாய் மடிக்கிற கை. புத்தகத்தில் 'முடிந்தது' என்று பார்த்ததும், இந்தப் பெண் நாடாவை அவிழ்க்க மறந்துவிட்டாள் என்று நினைத்துத் தணிகாசலம் அவிழ்த்திருக்கிறார். ஈரத் தரையில் படுத்துக் கொக்கியைப் பார்க்க மனசு வரவில்லை. அவரை ஏமாற்றியது அவள் கையெழுத்து, அதை அவள் மறுக்கக் கூடாது. ஆனால் எல்லோரையும் பொய்க் கையெழுத்துப் போட வைத்தது ஏழரை மணி உத்தரவு. பெரிய தவறு அதுதான். இன்றைக்கும் அந்த ஹேங்கரில் அது நடக்கிறது, அந்த விமானங்களில்தான் நாமும் பிள்ளைகளோடு ஏறுகிறோம். ஜெசிந்தா அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: 'முன்பே கையெழுத்துப் போட்டது என் தவறு. நாடாவைக் கட்டியது நான், அவிழ்த்தது நானில்லை. ஏழரை மணி உத்தரவு யாருடையது என்று விசாரியுங்கள்.' கீழே கையெழுத்துப் போட்டாள். இதையேதான் காலையில் விசாரணையிலும் சொல்லப் போகிறேன் என்று தாளை நீட்டினாள். பத்மநாபன் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதே கதவைச் சாத்தினாள். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு வந்து, உப்பிய கதவைத் தோளால் தூக்கிப் பிடித்துத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். இரண்டு நிமிஷம் பிடித்தது. டக்கென்று விழுந்தது.