காயை விட்டுக்கொடுத்த பனை

மரங்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பனையேறி தவசி தன் மனைவி சடச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பனையின் உச்சியிலிருந்துதான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அவள் கீழே நின்றாள். மூன்று நாளாகக் குன்மவலி.

"பனையத்தான் கெட்டியிருக்கீரோ? பெறகு என்னைய எதுக்குக் கெட்டினீரு?" என்று அந்த வலியிலும் கேலி பேசினாள்.

"நாலே பாளைதான் புள்ள. சீவிட்டு வாரேன்."

அவள் சிரித்துக்கொண்டே குடிசைக்குள் போனாள்.

பனை மெல்லச் சொன்னது: "தவசி, விரிஞ்ச பூ ஒண்ணு இருக்கு பாரு. அதைச் சுட்டு, சாம்பலைத் தண்ணியில கலக்கிக் குடுத்தா வலி நிக்கும். இப்பவே எறங்குடே."

"ஒரு நேரம் சீவாம விட்டா பாளை அடைச்சுக்கிடும். பதநீ வராது. செத்த பொறு."

நான்கையும் சீவினான். பிறகே பூவைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். சடச்சி அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். அடுப்பில் நெருப்பு இருந்தது, கையில் பூவும் இருந்தது. குடிக்க ஆள் இல்லை.

அதன்பின் தவசி பனையேறவில்லை. மரத்தில் சாய்ந்து, அவள் நின்ற இடத்தையே பார்த்திருப்பான். கேலி பேச அங்கே யாரும் வரவில்லை. புதிய பாளைகள் சீவுவாரின்றிப் பூத்தன. அப்போதெல்லாம் எல்லாப் பனையும் காய்க்கும். இன்னும் சில நாளில் அவையும் காயாகியிருக்கும்.

ஒருநாள் பக்கத்து ஊர் வெள்ளையம்மாள் தன் புருஷனைத் தோளில் தாங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, இவரு வயிறு கல்லா இருக்கு. துடிக்காரு. உங்க பனைக்கு மருந்து தெரியுமாமே, ஏதாவது செய்யுங்க."

"ஏறுடே," என்றது பனை. "அம்புட்டுப் பூவையும் எடு. இவரு மாதிரி இன்னும் வருவாங்க."

"காய்க்கு ஒண்ணும் மிஞ்சாதே. உனக்குப் பிள்ளையே இல்லாமப் போயிருமே?"

"உனக்கு மட்டும் இருக்கா?"

தவசி ஏறினான். இந்த முறை எதையும் சீவவில்லை. பூவோடு உடனே இறங்கினான். சுட்டு, கலக்கி, அந்த மனிதரின் வாயில் ஊற்றினான். பொழுது சாயும் முன் அவர் எழுந்து உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் அவர் தோளில் முகம் புதைத்து அழுததைப் பார்க்க முடியாமல் தவசி மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காயை விட்டுக்கொடுத்த அந்தப் பனையைத்தான் ஆண் பனை என்கிறோம். அந்த நாள் தொட்டு அது பூப்பதோடு நின்றுவிடுகிறது, காய்ப்பதில்லை. அதன் பூவைச் சுட்டால் ஒரு பிடி சாம்பல் மிஞ்சும்.