முப்பத்தொம்பது மாட்டை நாப்பதாப் பெருக்குன கதை

சொல்றதெல்லாம் நெசம். இதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் நாளையில இருந்து எனக்கு வெறும் டீதான், வடை கெடையாது. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்த சத்தியம் பண்ணுவான்? கேளுங்க.

கூழையம்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்காரவுககிட்ட 'மழை வருது, கதவச் சாத்து'ன்னு சொன்னா, கதவச் சாத்திட்டு வெளிய நின்னு நனைவாக. உள்ள வந்து சாத்துன்னு யாரும் சொல்லலயே! சொன்னதச் சொன்னபடியே செய்யிற சாதி சனம்.

அந்த ஊருல ஒச்சப்பன்னு ஒருத்தன். அவனுக்கு விருமாயின்னு ஒரு பொண்டாட்டி, செவலைன்னு ஒரு மாடு. விருமாயி கல்யாணத்துக்கு அவ பொறந்த வீட்டுல குடுத்த சீருதான் செவலை. ஒச்சப்பன் பாலக் கறப்பான். விருமாயி கேனத் தலையில வச்சு ஆறு மைலு டவுனுக்கு நடப்பா. பொறப்படுறப்ப பாலு, போய்ச் சேர்றப்ப தயிரு. டவுன் டீக்கடைக்காரன் 'தயிருல எப்பிடிம்மா டீ போடுறது?'ன்னு தெனமும் கேப்பான். இவளும் தெனமும் திரும்பி வருவா.

இப்பிடி இருக்கையில, கால்நடைத் துறையில இருந்து ஒரு டாக்டரு ஜீப்புல வந்து எறங்குனாரு. ஊருல உள்ள கறவை மாட்டையெல்லாம் எண்ணுனாரு. ரேசன் கடை வாசல்ல மைக்கப் புடிச்சாரு.

"பெரியோர்களே! நம்ம மாநிலத்தோட பொருளாதாரமே கால்நடையிலதான் நிக்குது. நீங்க ஒரு லிட்டர் பால் கறந்தா, அத வச்சு வேன் டிரைவர் பொழைக்கிறான், தீவனக் கடைக்காரன் பொழைக்கிறான், டீக்கடை பொழைக்குது, ஸ்வீட் கடை பொழைக்குது. சுருக்கமாச் சொன்னா, மாநிலமே உங்க மாட்டு மடியிலதான் இருக்கு!"

எல்லாரும் கை தட்டுனாக.

"நாப்பது கறவை இருக்குற ஊருக்குத்தான் பால் சொசைட்டி. உங்க ஊருல முப்பத்தொம்பது இருக்கு. ஒரு மாசம் டயம் தர்றேன். கால்நடையப் பெருக்குங்க. வீட்டுக்கு வீடு பெருக்குங்க. நாப்பது ஆச்சுன்னா சொசைட்டி இங்க. இல்லேன்னா பக்கத்து ஊருக்குப் போயிரும்."

ஜீப்பு போயிருச்சு. விருமாயி கேனக் கீழ வச்சா.

"இந்தா பாரு, இந்த ஊருக்குச் சொசைட்டி வந்தா நான் இங்க இருப்பேன். வரலேன்னா செவலையப் புடிச்சுக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்கன வீட்டு வாசல்லயே சொசைட்டி இருக்கு. ஆறு மைலு நடந்து நடந்து என் உச்சந்தலை தட்டையாப் போச்சு."

ஒச்சப்பன் கணக்குப் போட்டுப் பாத்தான். பொண்டாட்டியும் போயி மாடும் போயிட்டா அப்புறம் அவன யாரு திட்டுறது, அவன் யாரத் திட்டுறது?

மொத வேலையா செவலைக்குக் கீழ குனிஞ்சு மடிய உத்துப் பாத்தான். மாநிலம் தெரியல. ஒரு உதைதான் விழுந்துச்சு.

மறுநா ஊர்க்கூட்டம். தலைமை பெருங்காமு. ஊருக்குள்ள அவருதான் அறிவாளி. ஏன்னா அவரு மட்டுந்தான் கண்ணாடி போட்டிருப்பாரு. கண்ணாடியில கண்ணாடி கெடையாது, பிரேமு மட்டுந்தான்.

"டாக்டரு என்ன சொன்னாரு? மாநிலம் கால்நடையில நிக்குதுன்னாரு," பெருங்காமு தொண்டையச் செருமுனாரு. "நடந்தா நடக்கும். நின்னா நிக்கும். நடையில எப்பிடிய்யா நிக்கும்?"

"அதான கொழப்பம்," ஒச்சப்பன் சொன்னான்.

"கால்நடைன்னா ஆடு மாடுய்யா, கூறுகெட்டவுகளா!" விருமாயி பின்னால இருந்து சத்தம் போட்டா.

"அப்பிடிச் சொல்லு," பெருங்காமு தலையாட்டுனாரு. "அப்ப மாட்டப் பெருக்கணும். எதால பெருக்குறது?"

"வெளக்குமாத்தாலதான். வேற எதால பெருக்குவாக?" கூட்டத்துல ஒருத்தன் சொன்னான்.

"மாடு லெச்சுமியாச்சே மாமா. லெச்சுமிய வெளக்குமாத்தால தொடலாமா?" ஒச்சப்பனுக்குப் பதறிருச்சு.

பெருங்காமு கண்ணாடியக் கழட்டி, இல்லாத கண்ணாடியத் தொடச்சு, மாட்டிக்கிட்டாரு. "புது வெளக்குமாறு வாங்கி, மஞ்சத் தடவி, குங்குமம் வச்சிட்டா தோசம் இல்ல."

"சரி மாமா. முப்பத்தொம்பது மாட்டப் பெருக்குனா நாப்பது எப்பிடி ஆகும்?"

"ஏண்டா, வீட்டப் பெருக்குறப்ப தொலைஞ்ச சட்டைப் பித்தான் கெடைக்குதா இல்லயா?"

"கெடைக்குது."

"பித்தானே கெடைக்கிறப்ப, அம்மாம் பெரிய மாடு கெடைக்காதா? எங்கனயாச்சும் இடுக்குல ஒளிஞ்சிருக்கும்டா."

விருமாயிக்கே அது நல்ல ரோசனையாப் பட்டுச்சு. கூட்டம் கலைஞ்சுச்சு.

மறுநா விடியக்காலம் ஊரே வெளக்குமாறும் கையுமா எந்திரிச்சுச்சு. ஒச்சப்பன் செவலையக் கொம்புல ஆரம்பிச்சு வாலு வரைக்கும் பெருக்குனான். வயித்துக்கு அடியில பெருக்குனான். காதுக்குள்ள பெருக்குனான். ரெண்டு உண்ணிதான் கெடைச்சுச்சு. மாடு கெடைக்கல.

"பெருக்குனா மட்டும் போதுமா? தண்ணி தெளிச்சுக் கோலம் போட வேணாமா?" விருமாயி கேட்டா.

அதுவும் சரிதான. செவலை முதுகுல சாணித்தண்ணி தெளிச்சு, பதினஞ்சு புள்ளி வச்சு, கோலம் போட்டா. செவலை ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு. புள்ளியெல்லாம் ஒச்சப்பன் மூஞ்சிக்கு வந்திருச்சு. கோடு மட்டும் மாட்டுல நின்னுச்சு.

அஞ்சு லிட்டர் கறந்த செவலை மூணு லிட்டருக்கு வந்துச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் வெளக்குமாத்தப் பாத்தாலே கயித்த அத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சுச்சு. பெருங்காமு வந்து பாத்துட்டு, "பெருக்குனது பத்தல. சாயங்காலமும் ஒருக்கா பெருக்கு"ன்னாரு.

அந்த ஒரு மாசத்துல மாநிலப் பொருளாதாரத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீகளா? கூழையம்பட்டியில பாலு வத்திப் போச்சு. டவுனுல டீ வெல ரெண்டு ரூவா ஏறுச்சு. வெளக்குமாறு விக்கிற குருவத்தான் மாடி வீடு கட்டிட்டான். மொத்தத்துல மாநிலம் நட்டம், குருவத்தான் லாபம்.

மாசம் முடியிறதுக்கு மூணு நாளைக்கு முன்னால டாக்டரு ஆபீசுல இருந்து பெருங்காமுக்குப் போன் வந்துச்சு.

"வெள்ளிக்கிழம வர்றோம். எல்லா மாட்டுக்கும் காது குத்தி, நம்பர் போட்ட கம்மல் மாட்டணும். கம்மல் போட்ட மாடுதான் கணக்குல வரும். தயாரா இருங்க."

பெருங்காமு போன வச்சாரு. ஊரக் கூட்டுனாரு.

"காது குத்தாம்யா."

"அம்புட்டு மாட்டுக்குமா?"

"அம்புட்டுக்கும். ஊருல பந்தலப் போடு, மைக்செட்டச் சொல்லு, சமையலுக்கு ஆளு விடு."

"அதெல்லாம் சரி மாமா," ஒச்சப்பன் எந்திரிச்சான். "தாய்மாமன் மடியில உக்காராம எப்பிடிக் காது குத்துறது? செவலைக்குத் தாய்மாமன் யாரு?"

இம்புட்டுப் பெரிய கேள்விய அந்த ஊருல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

"செவலைய ஈன்ற மாடு எங்க இருக்கு?" பெருங்காமு கேட்டாரு.

"எங்கண்ணன் சின்னக்காளை வீட்டுல," விருமாயி சொன்னா. "அது எங்க அண்ணனோட ஒண்ணா வளந்த மாடு. ஒரே தொட்டியில தண்ணி குடிச்சுக."

"அப்பக் கூடப்பொறந்தவ மாதிரி. அவ மக செவலை. சின்னக்காளைதான் தாய்மாமன். வரச்சொல்லித் தாக்கல் அனுப்பு."

"மாமா, ஒரு சந்தேகம். மாட்டுக்குத்தான் ஏற்கெனவே மடி இருக்கே. தாய்மாமன் மடி வேற எதுக்கு?"

"அது கறக்குற மடிடா. இது ஒக்கார்ற மடி. ரெண்டயும் போட்டுக் கொழப்பாத."

வெள்ளிக்கிழம காலையில சின்னக்காளை வந்தான். எப்பிடி வந்தான்? மேளம் முன்னால. தாம்பாளத்துல தேங்கா, பழம், செவலைக்கு ஒரு பச்சைப் பட்டுப்பாவாடை. பின்னால கழுத்துல மாலையோட செவலையோட ஆத்தாக்காரி, கன்னுக்குட்டியோட நடந்து வருது.

"என்ன மச்சான், இதயும் ஓட்டிட்டு வந்துட்டீக?" ஒச்சப்பன் கேட்டான்.

"நல்லா இருக்கே நீ பேசுறது! மகளுக்குக் காதுகுத்து, பெத்தவ வீட்டுல ஒக்காந்திருப்பாளா? தாய்மாமன் சீரா இவளயும் எழுதிக்கங்க. மக கூடவே இருக்கட்டும்."

பந்தலுக்கு நடுவுல சின்னக்காளை சம்மணம் போட்டு ஒக்காந்தான். எட்டுப் பேரு செவலையத் தூக்குனாக. தூக்க முடியல. தள்ளுனாக. செவலை ரெண்டு சுத்துச் சுத்திப் பாத்துச்சு. ஒரு மாசமா வெளக்குமாத்துக்குப் பயந்து ஓடுன மாடு. மெத்துன்னு ஒரு எடத்தப் பாத்ததும் 'சொத்து'ன்னு ஒக்காந்திருச்சு. ஒக்காந்து அசை போட ஆரம்பிச்சுச்சு.

சின்னக்காளையில தலை மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுச்சு.

"மச்சான், நல்லா இருக்கீகளா?"

"மருமக... நல்லா... சதை போட்டிருக்கா..."

அந்த நேரம் பாத்து ஜீப்பு வந்து நின்னுச்சு. டாக்டரு எறங்குனாரு. பந்தலப் பாத்தாரு. பாவாடை கட்டுன மாட்டப் பாத்தாரு. மாட்டுக்கு அடியில இருந்து ஒரு தலை வணக்கம் சொல்றதப் பாத்தாரு.

"என்னய்யா நடக்குது இங்க? மாடெல்லாம் ஏன் எலும்பும் தோலுமா நிக்குது? முதுகுல என்ன கோலம்?"

"நீங்கதான டாக்டரய்யா பெருக்கச் சொன்னீக," ஒச்சப்பன் கையக் கட்டிக்கிட்டுச் சொன்னான். "ரெண்டு வேளயும் பெருக்குனோம்."

டாக்டரு தலையில கை வச்சாரு. "யோவ், பெருக்குறதுன்னா கூட்டுறதுய்யா!"

"அதத்தான செஞ்சோம்! தெனமும் கூட்டுனோம்!"

"அந்தக் கூட்டுறது இல்லய்யா. எண்ணிக்கையக் கூட்டுறது!"

"எண்ணாம இருப்பமா? எண்ணி எண்ணித்தான் கூட்டுனோம். ஒரு மாட்டுக்கு நூத்தியெட்டு இழுப்பு."

டாக்டருக்கு, இதுக்கு மேல பேசுனா இன்னும் எதயாச்சும் செஞ்சு வச்சிருவாகன்னு புரிஞ்சு போச்சு. இடுக்கிய எடுத்தாரு, மளமளன்னு கம்மலப் போட்டாரு. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. செவலை முப்பத்தொம்பது. ஒச்சப்பன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். விருமாயி செவலையோட கயித்த அவுக்கத் தயாரா நின்னா.

"இந்தா, மாலை போட்டு ஒண்ணு நிக்குதே. இதுவும் இந்த ஊரு மாடா?"

"ஆமாய்யா," மாட்டுக்கு அடியில இருந்து சின்னக்காளை சொன்னான். "இன்னைக்குக் காலையில இருந்து."

"கறவையா?"

"நாலு லிட்டரு."

டக்குன்னு கம்மல் விழுந்துச்சு. நாப்பது.

பெருங்காமு மைக்கப் புடுங்கிட்டாரு. "பாத்தீகளாய்யா? பெருக்குனா கெடைக்கும்னு நான் சொன்னனா இல்லயா!"

விருமாயி கயித்த விட்டுட்டு ஒச்சப்பனப் பாத்துச் சிரிச்சா. சின்னக்காளைய வெளிய எடுக்க மட்டும் சாயங்காலம் ஆச்சு. கொஞ்சம் தட்டையா இருந்தான், மத்தபடி கொறை இல்ல.

வெளக்குமாத்த மூலையில போட்டதும் மாடெல்லாம் பழையபடி பால் குடுத்துச்சு. சொன்ன சொல்லு தவறாம சொசைட்டியும் வந்துச்சு. சின்னதா ஒரு கட்டடம், எடை மிசினு, மேசை, செகரெட்டரின்னு ஒரு ஆளு. டாக்டரே வந்து ரிப்பன் வெட்டுனாரு. கவனமா, ரொம்பக் கவனமா, ஒரே ஒரு வாக்கியந்தான் பேசுனாரு.

"நாளையில இருந்து தெனமும் காலையில அஞ்சு மணிக்கு எல்லாரும் தவறாம சொசைட்டிக்குப் பால் ஊத்தணும்."

ஜீப்பு போனதும் ஊரு கூடிருச்சு.

"பால் ஊத்தணுமாம்ல? ஐயய்யோ, யாரு செத்தது?" ஒச்சப்பன் துண்ட எடுத்து வாயில வச்சான்.

"அவசரப்படாத. செத்தவுகளுக்குச் சுடுகாட்டுல ஊத்துவாக. சாமிக்கு உச்சியில ஊத்துவாக. சொசைட்டி செத்துருச்சா?" பெருங்காமு கேட்டாரு.

"இப்பத்தான ரிப்பன் வெட்டுனாக. சாகல."

"அப்ப சாமி. ஏணி கொண்டாங்கடா."

நாலாம் நாள் டாக்டரு செகரெட்டரிக்குப் போன் போட்டாரு.

"என்னப்பா, பால் வரத்து எப்பிடி இருக்கு?"

"நல்லா வருதுங்க சார்."

"கேன்ல வருதா, குண்டாவுல வருதா?"

"கூரையில இருந்து வருதுங்க சார்."

டாக்டரு ஓடி வந்தாரு. வந்து அண்ணாந்து பாத்தா, சொசைட்டி உச்சியில ஒச்சப்பன் ஈர வேட்டியோட நிக்கிறான். கீழ விருமாயி ஏணியப் புடிச்சுக்கிட்டு, "நடுவுல பாத்து ஊத்துய்யா, நாலு பக்கமும் வழியட்டும்"னு சொல்லிக்கிட்டு இருக்கா. பின்னால ஊரே கேனோட வரிசையில நிக்குது.

விருமாயி டாக்டரப் பாத்ததும் ஏணிய விட்டுட்டுக் கையெடுத்துக் கும்புட்டா. ஏணி சரிஞ்சுச்சு. ஒச்சப்பன் மேலயே நின்னுட்டான்.

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டரய்யா. ஆறு மைலு நடந்ததுக்கு இந்தப் பன்னெண்டு படி ஏணி எனக்கு வெல்லம். ஒரே ஒரு கொறைதான். நாலு நாளா அபிசேகம் பண்றோம். உள்ள மேசை போட்டு ஒக்காந்திருக்காரே ஒங்க பூசாரி, இதுவரைக்கும் ஒரு சிட்டிகை துன்னூறு குடுத்திருப்பாரா? கேளுங்க!"

அம்புட்டுத்தான் கதை. கேட்டதுக்குக் கூலி வேணும்ல? சிரிச்சவுக ஆளுக்கு ஒரு செம்புப் பாலு கொண்டாங்க. சிரிக்காம உம்முன்னு ஒக்காந்திருந்தவுக ரெண்டு செம்பு. கையில குடுங்க சாமிகளா, தலையில ஊத்திராதீக.