ஜெபக்கனி எழுத்தைப் பாடுன கதை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, அவ பேரு ஜெபக்கனி. காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தா. எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டாப் போதும், பிசகாம திருப்பிப் பாடிருவா. போர்வையை இழுத்துக்க மக்ளே. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும், என்ன?

ம்.

அவங்க ஊர் சர்ச்சுல கூட்டமா நின்னு பாடுற கொயர் ஒண்ணு இருந்துச்சு. ஜெபக்கனி அதுல கீழ்க்குரல் பாடுற வரிசையில நிப்பா. பக்கத்துல அவ சிநேகிதி எஸ்தர் ராணி. எல்லார் கையிலயும் ஒரு தாள் இருக்கும், அதுல நம்ம ச, ரி, க, ம மாதிரி டோ, ரே, மி, ஃபான்னு எழுத்தா இருக்கும். எழுத்தைப் பாத்தே ராகத்தைப் பாடணும். ஜெபக்கனிக்கு அது ஒண்ணும் தெரியாது. சும்மா தாளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எஸ்தர் வாயைத் திறந்ததும் அந்தச் சத்தத்தோட ஒட்டிக்கிட்டே போயிருவா. கண்ணு சிமிட்டுற நேரம்தான் பிந்தும். யாரு கண்டா?

அப்புறம் புதுசா ஒரு கொயர் மாஸ்டர் வந்தாரு, தவசிங்னு பேரு. ஈஸ்டருக்குப் புதுப் பாட்டு ஒண்ணு குடுத்தாரு. ஆர்கனைத் தொடவும் இல்ல, பாடிக் காட்டவும் இல்ல, தாளைப் பாத்துப் பாடுங்கன்னுட்டாரு. பாடுனாங்க. அவரு காதுக்கு மட்டும் ஒரு குரல் நிழல் மாதிரி பின்னால வர்றது கேட்டுச்சு.

அது ஜெபக்கனியா இருக்குமோன்னு, முதல்ல அவளை வரிசையோட அந்தக் கடைசியில நிக்க வச்சாரு. அவ அங்க நின்னவளோட குரலைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் எல்லாரையும் வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனக விட்டாரு. அதுலயும் தப்பிச்சுட்டா. மூணாவதா, மத்தவங்களை உக்காரச் சொல்லிட்டு, நீ மட்டும் பாடும்மான்னாரு.

அப்போ என்ன சத்தம் கேட்டுச்சு தெரியுமா? மேல ஃபேன் கிரீச், கிரீச். வேற ஒண்ணும் இல்ல.

"உனக்கு இது வாசிக்கத் தெரியாதா?"

"தெரியாது சார்."

அவரு திட்டல. கத்துக்கிட்டு வா, அதுவரைக்கும் பெஞ்சுல உக்காந்து கேளுன்னாரு. அவ்வளவுதான். ஆனா, கேட்டதும் பாடிருவாளேன்னு எல்லாரும் சொல்லச் சொல்ல வளந்த பிள்ளை இல்லையா? வீட்டுக்குப் போயி, சோத்துல கையை வச்சது வச்சபடி உக்காந்திருந்தா.

கேக்கியா மக்ளே?

ம்.

மறுநாள் எஸ்தர் வந்தா. இத்தனை நாள் ஏமாத்துனியேன்னு சண்டை போடுவான்னு ஜெபக்கனி பயந்தா. எஸ்தரோ, "எனக்கு வாசிக்க வரும், ஆனா நீ பக்கத்துல இல்லைன்னா என் குரல் கீழ கீழ இறங்குது. நீ வந்தாத்தான் ஆகும்"னா.

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு ஏணி வரைஞ்சா. படிக்கு ஒரு எழுத்து. ஈர்க்குச்சியால படியைத் தொட்டா, ஜெபக்கனி எழுத்தோட பேரைச் சொன்னா, ஆனா அதுக்குரிய சத்தம் வரல. சரின்னு, வரிசையா ஏறச் சொன்னா. டோ ரே மி ஃபான்னு டக் டக்னு ஏறிட்டா. ஆனா டோவுல இருந்து ஒரே தாவா, மூணு படி தாண்டி சோவுக்குத் தாவுன்னா, தொபுக்குன்னு விழுந்தா.

அப்போ எஸ்தர் யோசிச்சா. இவளுக்குக் காதுதானே பலம்? நாம வழியைத் திருப்பிப் போட்டுப் பாப்போமே. எழுத்தை விட்டுட்டு, உனக்குத் தெரிஞ்ச பாட்டைப் பாடு, ஒவ்வொரு சத்தமும் எந்தப் படியில நிக்குதுன்னு நீயே கண்டுபிடின்னா.

ஜெபக்கனி சண்டே ஸ்கூல் பாட்டு ஒண்ணை எடுத்து, வாயிக்குள்ளயே ஏறி இறங்கி, தேடித் தேடிப் பேர் வச்சா. அப்புறம் அவளை நிறுத்த முடியல. காலிங் பெல் டிங் டாங்னு அடிச்சா, "மி, டோ"ம்பா. மீன்காரர் பாம் பாம்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தா, ரெண்டும் ஒரே படிதான்னு சொல்லுவா. அவங்க அம்மா கூப்பிடுற கூப்பாட்டையும் விடல. நடுவுல எஸ்தரோட குரல் இறங்குனா, ஏறு ஏறுன்னு கையைத் தூக்கிக் காட்டுவா.

இப்படியே பேர் வச்சு வச்சு, தாள்ல எழுத்தைப் பாத்ததும் காதுக்குள்ள சத்தம் தானா எழும்ப ஆரம்பிச்சுது.

ஈஸ்டர் நெருங்குச்சு. ஒத்திகையில ஜெபக்கனி எந்திரிச்சு, வாசிக்கிறேன் சார்னா. அவரு யாரும் பாக்காத வேற ஒரு தாளைக் குடுத்தாரு. ஆர்கன்ல டோவை மட்டும் ஒரு தடவை, பொய்ங்ங். மெதுவாப் பாடுனா. மூணாவது வரியில பெரிய தாவல். தப்பாப் போச்சு. யாரும் சொல்லல, அவளுக்கே தெரிஞ்சுது, நிறுத்திட்டா. எஸ்தர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னா. ஜெபக்கனி வாயிக்குள்ள படிப்படியா ஏறி, சத்தத்தைக் கண்டுபிடிச்சு, அந்த வரியை முதல்ல இருந்து பாடுனா. கடைசி வரைக்கும் போனா.

முடிச்சதும் அவ உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஏன்னா அந்தப் பாட்டை அவளுக்கு யாரும் பாடிக் காட்டல. அவ வாயில இருந்து வந்தப்போதான் அவ காதே அதை முதமுதலாக் கேட்டுச்சு.

தவசிங் சார், "வரிசைக்கு வாம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு, மத்தவங்களுக்குத் தாளைக் குடுக்க ஆரம்பிச்சாரு.

ம்?

சத்தத்தைக் காணோமே. சரி, பாட்டும் நின்னாச்சு, கதையும் நின்னாச்சு, உறங்கு மக்ளே.