உப்புக்கு மட்டும் அடைத்த துறை

ஆயிரம் வீட்டுக்காரர்கள் கூடி ஜெயித்து, ஜெயித்ததாலேயே தோற்ற கதை இது. கடைசியில் வரும் கேள்விக்குப் பதில் சொல்ல அவசரப்படுகிறவர்கள் மண்வெட்டியின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

மருதபூபதி என்ற அரசன் தன் துறைமுகத்தை அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டான். முதல் கப்பலிலேயே உப்பும் இரும்பும் மலிவாக வந்து இறங்கின. தங்கள் உப்பு இனி விலைபோகாது என்று உப்பளத்துத் தலைவி நாச்சாள் கண்டுகொண்டாள். ஆயிரம் வீட்டுச் சனத்தைத் திரட்டிக்கொண்டு போய் அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தைக் கண்டு அரசன் பயந்தான். பயத்திலும் அவனுக்குப் புத்தி வேலை செய்தது.

"அயல் உப்பு இனி இறங்காது. ஆனால் வேறு எவருக்காகவும் நீங்கள் இந்த வாசலுக்கு வரக்கூடாது" என்றான். நாச்சாள் சூடம் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சில நாளில் கொல்லர் இருளப்ப ஆசாரி அவளைத் தேடி வந்தார். கொல்லர்கள் பத்தே வீடு. வாசலில் உட்கார்ந்தாலும் யார் கண்ணிலும் படமாட்டார்கள். உப்பு இரும்பைத் தின்னும் என்பதால், உப்பளத்து மண்வெட்டிகளுக்கு மழை முடிந்ததும் அவர்தான் புது அலகு வைத்துக் கொடுப்பார்.

"எங்களுக்காவ ஒருதரம் வந்து உக்காரு ஆத்தா. உலை அணைஞ்சா மறுபடி மூட்ட ஆள் இருக்காது."

"சத்தியம் பண்ணிட்டேன் ஆசாரியாரே. நான் வாயத் தொறந்தா என் சனம் பட்டினி கெடக்கும்."

அந்தக் கோடையில் கொல்லர்கள் ஊரைவிட்டே போனார்கள். உப்பளத்தார் கப்பலில் வந்த மண்வெட்டி வாங்கினார்கள். மலிவுதான், நாச்சாளுக்கே சந்தோஷம்.

அவையும் துருவேறி உதிர்ந்தன; புது அலகு வைக்க ஊரில் கொல்லர் இல்லை, அடுத்து வந்த கப்பலும் இரும்பை இறக்கவில்லை. அடுத்த மழையில் உடைந்த வரப்பை வெட்டிக் கட்ட முடியாமல் பாத்திகளில் வெள்ளம் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் தலைவன் அரசனிடம் வந்து, "உப்புக்கும் துறையைத் திறந்தால்தான் இனி இரும்பு" என்றான். அரசனின் படைக்கு வாள் வேண்டும். துறை திறந்தது.

பிழைப்புத் தேடிப் போனவர்கள் போக மிச்சமிருந்த சனத்தோடு நாச்சாள் அரண்மனைக்கு ஓடினாள். வாசல் காவலர் கையிலெல்லாம் கப்பலில் வந்த புது வாள். துணைக்குக் கூப்பிட ஊரில் கொல்லர்களும் இல்லை.

கப்பல் தலைவன், அரசன், நாச்சாள். இந்த மூவரில் உப்பளத்தை அழித்தது யார்?

கப்பல் தலைவன் வியாபாரி. திறந்த வாசலில் நுழைந்தான். நாச்சாள் செய்தது தப்புத்தான். உப்பு இரும்பைத் தின்னும் என்று அவளைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் பசிக்குப் பயந்து கொடுத்த வாக்கு அது. அழித்தவன் அரசன். துறையை அடைத்த அன்றே, ஒருநாள் அதைத் திறப்போம் என்று அவனுக்குத் தெரியும். அந்த நாளில் உப்பளத்தார் பக்கத்தில் வந்து உட்கார ஒருவரும் இருக்கக்கூடாது என்றுதான் அந்தச் சத்தியத்தைக் கேட்டு வாங்கினான்.